ஒழுகும் இடம் வேறு, ஓட்டை இருக்கும் இடம் வேறு

பங்குனி கடைசி ஞாயிறு காலை ஆறரை மணிக்கே மொட்டை மாடிக்கு ஏறிவிட்டேன். விளக்குமாறு, ஒரு முழ நீளத்தில் வேப்பங்கட்டை, பென்சில், டார்ச், வீட்டு நோட்டு. இவ்வளவுதான் கொண்டுபோவது. எட்டரைக்குள் இறங்கிவிட வேண்டும், அதற்குமேல் தளத்தின்மேல் பதித்திருக்கும் தட்டோட்டில் வெறுங்காலை வைக்க முடியாது. செருப்புப் போட்டுக்கொண்டு நடந்தால் எந்த ஓடு ஆடுகிறது என்று காலுக்குத் தெரியாது, அதனால்தான் வெறுங்கால்.

பக்கத்து மாடியில் துணி காயப்போட வந்த தம்பி, "மழைக்கு இன்னும் ஆறு மாசம் இருக்குதே, இப்பவே எதுக்குக்கா?" என்று கேட்டான். வருடா வருடம் யாராவது ஒருவர் இதைக் கேட்கிறார்கள். சேலத்துக்கு ஐப்பசியில்தான் மழை என்று எப்படியோ மனதில் பதிந்துவிட்டது. ஆனால் இங்கே சித்திரை பாதியிலேயே கோடை மழை வந்துவிடும். காற்று, இடி, சில வருடம் ஆலங்கட்டியும் சேர்ந்து வரும். ஆடி கழிந்தால் சாயங்கால மழை. ஆவணி, புரட்டாசி, ஐப்பசி என்று வரிசையாகப் பெய்து, கார்த்திகையில் எங்கோ புயல் என்றால் அதன் வாலும் நம்மேல்தான். கன்னங்குறிச்சியில் எங்கள் மாடியிலிருந்து வடக்கே பார்த்தால் சேர்வராயன் மலை சுவர் போல நிற்கும். அதன் உச்சியில் கறுத்த மேகம் இறங்கிவிட்டால் அரை மணி நேரத்தில் இங்கே தூறல். அந்த அரை மணி நேரத்தில் கூரையைச் சரி செய்ய முடியாது. காய்ந்த நாளில்தான் செய்ய முடியும்.

கூரையைப் பற்றி எனக்கு இவ்வளவு அக்கறை எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். நான் பிறந்து வளர்ந்தது சேலம் அம்மாபேட்டையில், நாட்டு ஓடு போட்ட வீட்டில். அப்பா வெண்பட்டு வேட்டி நெய்தவர். சேலம் வெண்பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருப்பது இப்போது பலருக்குத் தெரியும். அப்போது எங்களுக்குத் தெரிந்ததெல்லாம், வெள்ளை என்றால் வெள்ளையாகவே இருக்க வேண்டும் என்பதுதான். நடுக்கூடத்தில் குழித்தறி. மேலே பனங்கை, மூங்கில் பிளாச்சு, அதன்மேல் ஓடு. அடுப்படியும் அதே கூரையின் கீழ்தான், அதனால் ஓட்டின் உள்பக்கம் முழுக்கப் பல வருடப் புகைக்கரி. அந்தக் கரியில் ஊறிக் கீழே விழுகிற தண்ணீர் காப்பி நிறத்தில் இருக்கும்.

ஒரு வைகாசியில் இரவு மழை. நான் ஆறாம் வகுப்பு. அப்பா தறிமேல் எப்போதும் போல ஒரு பழைய போர்வையும் பிளாஸ்டிக் தாளும் போட்டு மூடியிருந்தார். தாள் ஒரு ஓரத்தில் விலகியிருந்தது. காலையில் எடுத்துப் பார்த்தால், நெய்து படமரத்தில் சுற்றப்போகிற இடத்தில், கரை ஓரமாக, பத்துப் பைசா அளவுக்கு ஒரு கறை. ஒரே ஒரு சொட்டுதான். அம்மா தண்ணீரில் நனைத்த துணியால் ஒற்றி எடுத்தாள், அது இன்னும் பரவியது. பாவு நூல் கொடுத்து நெய்யச் சொன்ன முதலாளி அந்த வேட்டியை எடுத்துக்கொள்ளவில்லை, பட்டுக்கும் சரிகைக்கும் ஆன விலையைக் கூலியில் பிடித்துக்கொண்டார். அந்த மாதம் வீட்டில் எப்படிச் செலவை ஓட்டினார்கள் என்று எனக்கு இப்போதும் தெரியாது. வேட்டியை அப்பா பெட்டியில் வைத்துவிட்டார். பதினான்கு வருடம் கழித்து என் கல்யாணத்தன்று, கறை உள் மடிப்பில் போகும்படி கட்டிக்கொண்டு மணவறையில் உட்கார்ந்திருந்தார்.

அந்த மழைக்குப் பிறகு அப்பா கூரையைப் பார்க்கும் விதமே மாறிவிட்டது. அதற்கு முன் ஒழுகினால் ஓடுகளை நகர்த்துவார், அவ்வளவுதான். பிறகு ஒவ்வொரு சித்திரையிலும், மழை வருவதற்கு முன்பே, ஓடு மாற்றும் ஆள் வந்துவிடுவார். ஒரு பக்கத்து ஓடுகளை முழுக்கப் பிரித்து, உடைந்ததைத் தள்ளி, கரியையும் சருகையும் பெருக்கி, பிளாச்சில் செல் அரித்ததை மாற்றி, நல்ல ஓட்டைத் திரும்ப அடுக்குவார்கள். ஒரு வருடம் கிழக்குச் சரிவு, மறு வருடம் மேற்குச் சரிவு. நாங்கள் பிள்ளைகள் வரிசையாக நின்று ஓட்டைக் கைமாற்றுவோம். அப்பா ஒவ்வொன்றையும் விரல் மடக்கித் தட்டிப் பார்ப்பார். கணீரென்றால் மேலே போகும், பொத்தென்றால் ஓரமாகப் போகும். அவருடைய கூலி நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஓட்டுக் கணக்கு இருக்கும்: எந்த வருடம் எத்தனை ஓடு வாங்கியது, எந்தச் சரிவு, எத்தனை பிளாச்சு. அவர் போன பிறகு அந்த நோட்டை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். என் வீட்டு நோட்டு அதைப் பார்த்து ஆரம்பித்ததுதான்.

இப்போது இருக்கிற வீடு 1998இல் கட்டியது. கான்கிரீட் தளம், மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த சுருக்கி மூன்று அங்குலம், அதன்மேல் தட்டோடு. தளம் ஏறக்குறைய 900 சதுர அடி. இதில் ஒரு கணக்கு சொல்கிறேன். இவ்வளவு பரப்பில் ஒரு சென்டிமீட்டர் மழை விழுந்தாலே 830 லிட்டருக்கு மேல் தண்ணீர். ஐந்து சென்டிமீட்டர் என்றால் நான்கு டன்னைத் தாண்டிவிடும். அத்தனையும் நாலு அங்குலக் குழாய் இரண்டின் வழியாக இறங்க வேண்டும். ஒரு குழாயின் வாயில் ஒரு பாலிதீன் பை போய் ஒட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். கூரை கெட்டுப்போவதில் பாதி, பொருள் மட்டமானதால் அல்ல, தண்ணீர் போக வழியில்லாமல் நிற்பதால்.

2015 நவம்பரில் தமிழ்நாடே மழையில் கிடந்தபோது எங்கள் வீட்டுக் கூடத்தில் மின்விசிறிக் கொக்கி வழியாகச் சொட்டு விழ ஆரம்பித்தது. முதலில் விசிறியின் பின்னால் ஒரு ஈர வட்டம், மறுநாள் சொட்டு. நான் முதலில் செய்தது மெயினை அணைத்ததுதான். தளத்துக்குள் பதித்திருக்கும் ஒயர் குழாயில் தண்ணீர் இறங்கினால் அது அந்தக் குழாயையே வாய்க்காலாக்கிக்கொண்டு எங்கே பெட்டி இருக்கிறதோ அங்கே வந்து விழும். விசிறி, லைட் பாயின்ட் வழியாக ஒழுகினால் தயவுசெய்து சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு விடாதீர்கள். மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

அதன்பிறகு நடந்ததுதான் நான் எல்லோரிடமும் சொல்வது. கொக்கிக்கு நேர் மேலே மாடியில் எங்கே வருகிறது என்று அளந்து, அந்த இடத்துத் தட்டோட்டு இடுக்குகளில் சிமென்ட் பால் ஊற்றினோம். அடுத்த மழையில் மறுபடி சொட்டியது. பிறகு வாட்டர் ப்ரூஃபிங் செய்பவர்கள் என்று ஒரு குழு வந்தது. மாடியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, கொக்கிக்கு மேலே நாலுக்கு நாலடி மட்டும் கறுப்பாக ஒன்றைப் பூசி, மேலே வெள்ளை அடித்து, பணம் வாங்கிப் போனார்கள். கீழே சுருக்கிக்குள் ஈரம் இருக்கும்போதே பூசினார்கள். சித்திரை வெயிலில் அந்த ஈரம் ஆவியாகி மேலே வர வழி தேடி, பூச்சு அப்பளம் போல உப்பி உரிந்தது. நனைந்த தளத்தின் மேல் எவ்வளவு விலையுயர்ந்த பூச்சும் நிற்காது. இரண்டு மழைக்காலம் இப்படியே போயிற்று.

கடைசியில் அப்பாவுக்குப் பழக்கமான மேஸ்திரி அண்ணன் வந்தார், எழுபதைத் தாண்டியவர். வந்ததும் மாடிக்கு ஏறவில்லை. கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கூரையின் அடிப்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒழுகற எடத்த நீ பாத்துட்ட கண்ணு. ஓட்டை இருக்கற எடத்த இன்னும் பாக்கல" என்றார். தட்டோட்டில் ஒரு இடத்தில் இறங்கும் தண்ணீர் அங்கேயே தளத்துக்குள் போவதில்லை. சுருக்கிக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவில் வாட்டம், அதாவது சரிவு, எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் ஊர்ந்து போய், கான்கிரீட்டில் எங்கே விரிசலோ துளையோ கிடைக்கிறதோ அங்கே இறங்கும். அதனால் தேட வேண்டியது சொட்டுக்கு மேலே அல்ல, சொட்டிலிருந்து மேட்டுப் பக்கமாக.

அவர் சொன்னபடி மாடியை வயல் போல வரப்புக் கட்டி நான்காகப் பிரித்தோம். களிமண்ணில் சிறிது சிமென்ட் கலந்து நாலு விரல் உயர வரப்பு. ஒரு நாளைக்கு ஒரு பாத்தி. குழாய் வாயைத் துணியால் அடைத்து ஒன்றரை அங்குலம் தண்ணீர் நிறுத்தி, முழுதாக ஒரு பகலும் ஒரு இரவும் விட்டுப் பார்ப்போம். ஒன்றரை அங்குலத்துக்கு மேல் நிறுத்த விடவில்லை, எடை கூடிவிடும் என்றார். பழைய தளம், அடியில் ஏற்கெனவே கம்பி தெரிகிற தளம் என்றால் இந்தச் சோதனையே வேண்டாம் என்பது அவர் சொல். முதல் பாத்தி, ஒன்றுமில்லை. இரண்டாவது, ஒன்றுமில்லை. மூன்றாவதில் தண்ணீர் கட்டி ஐந்து மணி நேரத்தில் கொக்கியில் சொட்டு வந்துவிட்டது. அந்தப் பாத்தி கொக்கியிலிருந்து பதினோரு அடி தள்ளி, வடமேற்கு மூலையில் இருந்தது.

அந்த மூலையில் டிஷ் ஆன்டெனா மாட்டிய ஸ்டாண்டு. நான்கு போல்ட். ஐந்தாறு வருடங்களுக்கு முன் மாட்ட வந்த பையன் தட்டோடு, சுருக்கி எல்லாவற்றையும் தாண்டிக் கான்கிரீட் வரை துளை போட்டிருக்கிறான். நான் அன்று அலுவலகத்தில். உறுதி செய்ய, தண்ணீரை வடியவிட்டு, போல்ட்டைச் சுற்றி மட்டும் ஒரு சின்ன வரப்புக் கட்டி, துணிக்குப் போடும் சொட்டு நீலத்தைக் கலந்து ஊற்றினோம். மறுநாள் காலை கொக்கியின் கீழ் விரித்திருந்த வெள்ளைத் துணியில் லேசான நீலச் சாயல். சுண்ணாம்பு நிறத்தை வடிகட்டிவிட்டாலும் தெரிகிற அளவுக்கு இருந்தது. வெள்ளைத் துணியில் விழுந்த சொட்டைப் பார்த்து நான் மகிழ்ந்தது வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான்.

சரி செய்ய ஆன செலவு, அதற்கு முன் இரண்டு முறை வீணாகச் செலவழித்ததில் கால்வாசிகூட இல்லை. ஸ்டாண்டைக் கழற்றி, மூன்றடிக்கு மூன்றடி தட்டோட்டையும் சுருக்கியையும் எடுத்து, பத்து நாள் வெயிலில் காயவிட்டு, துளைகளைச் சுருங்காத கலவையால் அடைத்து, மறுபடி சுருக்கி போட்டு ஓடு பதித்தார்கள். ஆன்டெனா இப்போது கைப்பிடிச் சுவரின் பக்கவாட்டில் நிற்கிறது. சோலார் ஹீட்டர் வாங்கியபோது, தளத்தில் ஒரு துளைகூடப் போடக்கூடாது என்று சொல்லி, கால்களைச் சிமென்ட் கட்டைகளின் மேல் நிற்கவைத்தேன். மாட்ட வந்தவர்கள் முகம் சுளித்தார்கள். சுளிக்கட்டும். மாடியில் யார் எந்த வேலை செய்ய வந்தாலும் வீட்டில் ஒருவர் கூட நிற்க வேண்டும்.

இப்போது நான் பார்க்கும் முறையைச் சொல்கிறேன். முதலில் கீழே, வீட்டுக்குள். மேஸ்திரி அண்ணன் நாற்காலி போட்டு உட்கார்ந்த மாதிரி ஒவ்வொரு அறையிலும் கூரையைப் பார்க்கிறேன். டார்ச்சை நேராக அடிக்காமல் சுவரோரம் வைத்துப் படுக்கையாக அடித்தால் உப்பல், விரிசல் எல்லாம் நிழல் விழுந்து தெரியும். மஞ்சள் வளையம் என்றால் பழைய ஈரம் காய்ந்தது, கறுத்துப் பூசணம் பிடித்திருந்தால் இன்னும் ஈரம் வருகிறது. குளியலறைக் கூரையைக் கட்டாயம் பார்க்க வேண்டும். மழையே வேண்டாம், தினம் எழும் வெந்நீர் ஆவியே கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு ஏறிய கம்பி தன் இடத்தைவிடப் பல மடங்கு பருக்கும், பருத்தால் கான்கிரீட்டை வெளியே தள்ளும். தட்டிப் பார்த்தால் பொள்ளலாகச் சத்தம் வரும். அந்த நிலையில் மேலே பட்டி பார்த்துப் பெயின்ட் அடிப்பது ஏமாற்று வேலை. பொள்ளல் முழுவதையும் கொத்தி எடுத்து, கம்பியைப் பிரஷ்ஷால் பளிச்சென்று தேய்த்து, துருத் தடுப்புப் பூசி, பிறகுதான் கலவை. கம்பி பாதியாகத் தேய்ந்திருந்தால் மேஸ்திரி போதாது, இன்ஜினீயர் பார்க்க வேண்டும்.

அப்புறம்தான் மாடி. பெருக்குவது முதல் வேலை, பெருக்காமல் எதுவும் கண்ணுக்குத் தெரியாது. பெருக்கியதும் வேப்பங்கட்டையால் தட்டோட்டை வரிசையாகத் தட்டிக்கொண்டே போவேன். அப்பா நாட்டு ஓட்டைத் தட்டியது போலவேதான். பொத்தென்ற ஓட்டுக்குப் பென்சிலில் ஒரு பெருக்கல் குறி. இந்த வருடம் ஏழு. பிறகு குழாய்க்கு எதிர் மூலையில் ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றி, அது எந்த வழியில் போகிறது, எங்கே தயங்குகிறது என்று பார்ப்பேன். பத்தடிக்கு ஒன்றரை அங்குலம் வாட்டம் இருந்தால் தண்ணீர் தயங்காது. மழை விட்ட மறுநாள் மாலையிலும் தேங்கி நிற்கிற இடம் இருந்தால் அது பள்ளம், அங்கே பாசி பிடிக்கும், பாசி ஈரத்தைப் பிடித்து வைக்கும்.

அதிகம் கெடுவது நடுத்தளம் அல்ல, ஓரங்கள்தான். கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலை, குழாய் வாயைச் சுற்றி, தண்ணீர்த் தொட்டியின் அடி, மாடிப்படி அறையின் சுவர் ஓரம். பகலில் தளம் வெயிலில் விரிகிறது, இரவில் சுருங்குகிறது, சுவர் அதே அளவுக்கு அசைவதில்லை. அந்த இழுபறியில் மூலைதான் வெடிக்கும். அங்கே வெறும் சிமென்ட்டை அடைத்தால் அடுத்த கோடையில் அதுவும் வெடிக்கும், சிறிது இழுபடக்கூடிய பொருளாக இருக்க வேண்டும். விரிசலுக்கு நான் செய்வது ஒன்றுதான்: அது முடியும் இரண்டு நுனியிலும் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதிவிடுவேன். அடுத்த முறை ஏறும்போது விரிசல் கோட்டுக்குள் இருந்தால் அது தூங்குகிறது. கோட்டைத் தாண்டியிருந்தால் ஏதோ நகர்கிறது.

குழாய் ஓரத்திலும் கைப்பிடிச் சுவரிலும் அரசங்கன்று முளைக்கும். காகமும் மைனாவும் போட்ட விதை. இரண்டு இலை விட்டிருக்கும்போது பிடுங்கினால் வேரோடு வரும். பச்சையாக அழகாக இருக்கிறதே என்று ஒரு வருடம் விட்டால் வேர் சுவருக்குள் போய்விடும், பிறகு மேலே வெட்ட வெட்டக் கீழே வேர் பருக்கும். அந்த இடத்தைக் கொத்தித்தான் எடுக்க வேண்டியிருக்கும். அரசமரம் என்பதால் பிடுங்கக் கை வராதவர்கள் இருக்கிறார்கள், என் அம்மாவும் அப்படித்தான். தொட்டியில் மாற்றி வைத்து, கோயிலுக்குக் கொடுத்துவிடலாம்.

மாடித் தோட்டம் எனக்கும் இருக்கிறது. புதினா, கறிவேப்பிலை, இரண்டு மல்லி, மொத்தம் பதினான்கு தொட்டி. எல்லாம் இரும்பு ஸ்டாண்டில், தரையிலிருந்து அரையடி உயரத்தில். தொட்டியை நேராகத் தட்டோட்டில் வைத்தால் அதன் அடி வருடம் முழுக்கக் காயாது. தென்னை நார்க்கழிவு நிரப்பிய தொட்டி என்றால் மழையில் அது வழிந்து நேராகக் குழாய் வாய்க்குப் போகும். அங்கே ஜல்லடை இருக்க வேண்டும். 2003இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது எங்கள் தெருவில் எல்லோரும் குழாயைக் குழிக்கு இறக்கினார்கள். அந்தக் குழி அடைத்துக்கொண்டால் தண்ணீர் குழாயிலேயே நின்று மாடிக்கு எதிர்த்து ஏறும், அதையும் திறந்து பார்க்க வேண்டும்.

ஏற்காட்டில் அக்கா வீட்டுக் கூரை முற்றிலும் வேறு சங்கதி. இருபது கொண்டை ஊசி வளைவு தாண்டினால் வெயில் எதிரி இல்லை, ஈரமும் சருகும் குரங்கும்தான் எதிரி. மாமாவின் தாத்தா காலத்து வீடு, மங்களூர் ஓடு. சில ஓட்டின் பின்புறம் பாசல் மிஷன் என்று ஆங்கிலத்தில் அச்சும் 1865 என்ற எண்ணும் இருக்கிறது. ஓடு 1865இல் செய்தது என்று அக்கா வெகுகாலம் நினைத்திருந்தாள். அது மங்களூரில் பாசல் மிஷன் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய வருடம். ஓடு அதற்குப் பிந்தியதுதான். ஆனாலும் அந்த முத்திரைக்கு ஒரு பயன் உண்டு. ஒவ்வொரு தொழிற்சாலை ஓட்டுக்கும் விளிம்பின் பள்ளமும் மேடும் கொஞ்சம் வேறுபடும், இன்னொரு அச்சு ஓட்டை நடுவில் செருகினால் பூட்டு சரியாக விழாது. மாமா உடைந்த ஓடு ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு, சேலத்தில் பழைய வீடு இடிக்கும் இடங்களில் அதே அச்சு இருக்கிறதா என்று ஒப்பிட்டு வாங்கி வருவார். இருபது ஓடு எப்போதும் வீட்டுப் பின்னால் அடுக்கியிருக்கும்.

அங்கே காப்பிக்கு நிழலாக நிற்பது சில்வர் ஓக். அதன் இலை பெரணி போலக் கிளை கிளையாக இருக்கும், லேசில் மக்காது. இரண்டு சரிவும் சேரும் மூலையில் போட்டிருக்கும் தகட்டில் அது போய் அடைந்தால் அணை கட்டியது போலாகிவிடும். தண்ணீர் தேங்கி, பக்கவாட்டில் ஏறி, ஓட்டுக்கு அடியில் போய், ஓட்டைத் தாங்கும் மரச்சட்டமான ரீப்பரை நனைக்கும். ஓடு ஒன்றுகூட உடைந்திருக்காது, ஆனாலும் வீடு ஒழுகும். ரீப்பர் மக்கியதா என்று பார்க்க மாமா ஸ்க்ரூ டிரைவர் நுனியால் குத்திப் பார்ப்பார், நல்ல மரத்தில் நுனி இறங்காது. குரங்கு தாவிய மறுநாள் நண்பகலில் ஜன்னலையெல்லாம் சாத்தி வீட்டை இருட்டாக்கிவிட்டு மேலே பார்ப்பார்கள். எங்கே வெளிச்சப் புள்ளி தெரிகிறதோ அங்கே ஓடு நகர்ந்திருக்கிறது. இதைவிட எளிமையான சோதனை எனக்குத் தெரியாது.

2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபின் ஏற்காட்டில் கொட்டிய மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றுவிட்டது. அக்காவிடம் போனில் பேசவும் முடியவில்லை. இரண்டாம் நாள்தான் லைன் கிடைத்தது. "முகட்டு ஓடு ரெண்டு போயிருச்சு, மத்தபடி ஒண்ணுமில்ல, தகட்டுல இருந்த சருகெல்லாம் மாமா ஐப்பசியிலயே எடுத்துட்டாரு" என்றாள். விளிம்பு வரிசை ஓடுகளை மாமா கம்பியால் ரீப்பரோடு கட்டியிருந்தார், அதனால் காற்று அவற்றைத் தூக்கவில்லை. முகட்டைக் கலவை மட்டும்தான் பிடித்திருந்தது. அதையும் அந்தத் தை மாதமே திரும்பக் கலவை வைத்துப் பூசிவிட்டார்கள்.

ஏறுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏணி நாலடி உயரத்துக்கு ஓரடி என்ற கணக்கில் சுவரிலிருந்து தள்ளி நிற்க வேண்டும், கீழே ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். ஈரமான பாசியில் கால் வைக்கக் கூடாது. சிமென்ட் அட்டைக் கூரையின் மேல் எந்தக் காரணத்துக்காகவும் நேராக ஏறி நிற்காதீர்கள். பார்க்கக் கெட்டியாக இருக்கும், பழசானால் ஆள் எடையில் அப்படியே உடைந்து உள்ளே விழவைக்கும். எங்கள் பகுதியில் விசைத்தறிக் கொட்டகைகளுக்கு அதுதான் கூரை. போல்ட் வாஷர் மாற்றுவதென்றாலும் குறுக்கே பலகை போட்டு, அடியில் சட்டம் இருக்கும் வரிசையில்தான் போக வேண்டும். பழைய ஆஸ்பெஸ்டாஸ் அட்டையை அறுப்பதும் துளைப்பதும் தேய்த்துக் கழுவுவதும் வேண்டாம், அந்தத் தூசு நுரையீரலுக்குக் கேடு. சரிந்த ஓட்டுக் கூரையில் நான் ஏறுவதில்லை. அது பழகியவர்கள் செய்ய வேண்டியது. கீழிருந்து செல்போனைக் குச்சியில் கட்டித் தூக்கிப் படம் எடுத்துப் பார்ப்பேன், பெரும்பாலும் அதுவே போதும்.

இந்த ஞாயிறு எழுதியது இது: தட்டோடு ஏழு பொத்து, அதில் மூன்று தொட்டியின் அருகே. கிழக்குக் குழாய் ஜல்லடை துருப்பிடித்தது, மாற்ற வேண்டும். குளியலறைக் கூரை சென்ற வருடம் போலவே. மேற்குக் கைப்பிடிச் சுவர் அடி விரிசல், சென்ற புரட்டாசியில் போட்ட கோட்டைத் தாண்டி நான்கு விரல்கடை வந்திருக்கிறது.

கடைசி வரிதான் இரண்டு நாளாக மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தச் சுவரின் மறுபக்கம் பக்கத்து வீட்டுத் தம்பி போர்வெல் போட்டது சென்ற கார்த்திகையில். அதனாலா, வெயிலாலா, சுவரே சாய்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. மேஸ்திரி அண்ணனுக்கு இப்போது மாடி ஏற முடியாது. படம் எடுத்து அவர் மகனுக்கு அனுப்பினேன். சுவர் நேராக நிற்கிறதா என்று பார்க்கப் புதன்கிழமை தூக்குக்குண்டோடு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான். அதற்குள் மேற்கு ஓரத்தில் இருக்கும் ஆறு தொட்டியையும் நகர்த்திவிட வேண்டும். மலை மேல் இப்போதைக்கு மேகம் இல்லை.